‘நெடி பழகிடும்’ என்கிறார்கள், தம்பிக்கு இருமல் நிற்கவில்லை

உப்புக்காற்று · திங்கள், இரவு 10:12

வணக்கம். இங்கே முதல் தடவை எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் ஒன்றரை வருடமாக ஆபரேட்டர். விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிற இடம். பேர் வேண்டாம். மொத்தமே எட்டு ஒன்பது பேர்தான் வேலை செய்கிறார்கள். அவன் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தால் எனக்குக் கண் கரிக்கும். “இந்த வாடையோடு எப்படிடா பஸ்ஸில் வந்த?” என்று கேட்டால், சட்டையை வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு “என்ன வாடை?” என்கிறான். நடிக்கவில்லை, அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி ஷிஃப்டில் கேஸ் அடித்திருக்கிறது. (ஐஸ் உறைய வைக்கக் குழாயில் ஓடுகிற அமோனியாதான் அது. அங்கே அமோனியா என்று யாரும் சொல்வதில்லை, கேஸ்தான்.) எல்லாரும் வெளியே ஓட, இவன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடிவிட்டு வந்து வாசலில் வாந்தி எடுத்திருக்கிறான். கண் இரண்டு நாள் சிவந்தே கிடந்தது. முதலாளி அண்ணாச்சி பால் வாங்கிக் கொடுத்து, 200 ரூபாயும் கையில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து இருமல். படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம். மாடி ஏறினால் நின்று நின்று ஏறுகிறான். முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று சளி மருந்து கொடுத்தார். இரண்டாவது டாக்டர் இன்ஹேலர் எழுதியிருக்கிறார், காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டால், “சிகரெட் பிடிக்கிற பய இருமத்தான் செய்வான். நெடி எல்லாம் போகப் போகப் பழகிடும்” என்கிறார். தம்பி ஒரு நாளைக்கு நாலைந்து பிடிப்பான், அதை மறைக்கவில்லை.

அந்த ஒரு ராத்திரியால் இப்படி ஆகுமா? சரியாகுமா? வேலையை விடச் சொல்லலாமா? வீட்டில் அவன் சம்பளமும் சேர்ந்தால்தான் ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பழைய கம்ப்ரசர் · திங்கள், இரவு 11:35

தங்கச்சி, நான் ஐஸ் பிளான்ட், கோல்ட் ஸ்டோரேஜ் எல்லாம் சேர்த்து 31 வருடம் மெக்கானிக்காக இருந்தவன். தம்பியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு கிளாண்டில் (கம்ப்ரசர் தண்டைச் சுற்றிய அடைப்பில்) கசிந்ததா, இல்லை ஆயில் எடுக்கும்போது அடித்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், கிளாண்ட் கசிவு மெதுவாக வரும், நெடி ஏறும், சுதாரித்து வெளியே வந்துவிடலாம். ஆளைச் சாய்ப்பது ஆயில் எடுக்கிற வேலைதான். கம்ப்ரசருக்கு ஊற்றுகிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸோடு போய் ரிசீவர், அக்யுமுலேட்டர் என்கிற அமோனியாத் தொட்டிகளின் அடியில் தங்கும். திரவ அமோனியாவை விட ஆயில் கனம். அதனால் அடி வால்வில் ஹோஸ் மாட்டி வாளியில் பிடிப்பார்கள். முதலில் கறுப்பாகத் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். அப்புறம் நுரைக்கும். நுரைத்தால் உடனே மூட வேண்டும், பின்னாலேயே வருவது ஆயில் கிடையாது.

பிரச்சினை எங்கே என்றால், குளிரில் ஆயில் இறுகி வால்வை அடைத்துக்கொள்ளும். பையன் “என்னடா வரலையே” என்று இன்னும் இரண்டு சுற்றுத் திறப்பான். அடைப்பு படக்கென்று விடும். திரவம் வெளியே வந்தால் எண்ணூறு மடங்குக்கு மேல் விரிந்து கேஸ் ஆகும். அந்த அறையில் தன் கையே தெரியாத அளவுக்கு வெள்ளை மூட்டம் கட்டும். அமோனியா காற்றை விட லேசு, மேலே போய்விடும் என்று புத்தகத்தில் இருக்கும். குளிர்ந்த மூட்டமாக அடிக்கும்போது அப்படி இல்லை, தரையோடு தரையாக உருளும்.

கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வ் ஒன்று இருக்கிறது. ஆயில் லைனில் அதை மாட்டியே தீர வேண்டும். நான் பார்த்த சின்ன பிளான்ட்களில் பாதிக்கு மேல் அது இருந்ததில்லை. இருந்த இடத்திலும் “கை வலிக்குது” என்று கம்பி வைத்துக் கட்டியிருப்பார்கள்.

மூக்கை நாங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. கந்தகத் திரியைக் கொளுத்தி ஜாயின்ட் ஜாயின்டாகக் காட்டுவோம். கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். (அந்தத் திரிப் புகையும் தொண்டையைப் பிடிக்கும், அது வேறு கதை.) உப்புத்தண்ணி டேங்குக்குள் ஓடுகிற அமோனியாக் குழாய்ச் சுருள் ஓட்டையா என்று பார்க்கத் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுப் பார்ப்போம். ஒன்றரை வருடம் உள்ளே நின்றவனின் மூக்கை வைத்து கேஸ் இல்லை என்று முடிவுகட்டுவது மாதிரி முட்டாள்தனம் வேறு இல்லை.

---

மில்லுக்காரன் · செவ்வாய், காலை 6:50

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பிளீச்சிங்கில் 28 வருடம் குளோரின் நெடியில் நின்றிருக்கிறேன். ஒரு வியாதி கிடையாது. இன்றைக்கும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பில் சத்து இல்லை, சிகரெட் வேறு. எல்லாவற்றையும் கம்பெனி தலையில் போட்டால் கம்பெனி எப்படி நடக்கும்?

---

வேப்பங்காய் · செவ்வாய், காலை 7:05

அண்ணே, உங்களோடு 28 வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசி வரை நின்றவர்கள் எத்தனை பேர்? ஒத்துக்கொள்ளாதவன் ஆறே மாதத்தில் ஊருக்குப் போயிருப்பான். நின்றவர்களை மட்டும் எண்ணினால் எல்லா வேலையும் நல்ல வேலைதான்.

---

மூச்சுக்குழல் · செவ்வாய், மதியம் 2:20

நான் நெஞ்சக நோய் மருத்துவர். நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்வது தப்பு, அதனால் தம்பிக்கு இன்னதுதான் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் “ஒரு ராத்திரியால் ஆகுமா” என்ற கேள்விக்குப் பதில் உண்டு. ஆகும்.

1985-ல் ஸ்டூவர்ட் புரூக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் பத்துப் பேரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு முன் மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள். ஒரே ஒரு முறை, அதிக அளவில், நெடி மிகுந்த வாயுவையோ புகையையோ இழுத்தவர்கள். 24 மணி நேரத்துக்குள் இருமல், இளைப்பு. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அது போகவே இல்லை. ஆஸ்துமா மாதிரியே இருக்கும், ஆனால் ஒவ்வாமையால் வந்தது அல்ல. வாயு மூச்சுக்குழாயின் உள்தோலைச் சுட்டுவிடுகிறது. ஆறிய பிறகும் அந்தக் குழாய் தூசி, குளிர்காற்று, தாளிப்புப் புகை என்று எதைக் கண்டாலும் சுருங்கிக்கொள்ளும். இதற்கு RADS (ரியாக்டிவ் ஏர்வேஸ் டிஸ்ஃபங்ஷன் சிண்ட்ரோம்) என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம் என்று அவர்கள் வரையறுத்தார்கள். உங்கள் தம்பிக்கு ஐந்து மாதம்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்பது இங்கே எதற்கும் சாட்சி இல்லை. குழாய் சுருங்குவது எக்ஸ்ரேயில் தெரியாது. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி செய்ய வேண்டும். இன்ஹேலர் அடிப்பதற்கு முன் ஒரு முறை, அடித்து கால் மணி நேரம் கழித்து ஒரு முறை.

எந்த வாயு எங்கே தாக்கும் என்பது அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதைப் பொறுத்தது. அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் நன்றாகக் கரையும். அதனால் கண், மூக்கு, தொண்டை ஈரத்திலேயே பிடித்துக்கொண்டு எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் ஓடிவிடுவான், ஒருவகையில் அது நல்லது. ஓட முடியாமல் உள்ளே நின்றால்தான் (உங்கள் தம்பி வால்வை மூடப் போன மாதிரி) அது கீழே இறங்கும். குளோரின் நடுத்தரம், மேலும் கீழும் சுடும். நைட்ரஜன் டை ஆக்சைடு, பாஸ்ஜீன் இரண்டும் அவ்வளவாகக் கரையாது. மூக்கில் பெரிதாக எரியாது, நேராக நுரையீரலின் அடிக்குப் போய்விடும். ஆள் சாதாரணமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார், நடுராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

மூக்கு பழகுவது உண்மைதான். வாசனை நரம்பு சீக்கிரமே அலுத்துப்போகும். ஆனால் உள்ளே இருக்கும் குழாய்க்கு அந்த அலுப்பு கிடையாது. அண்ணாச்சி சொன்ன “பழகிடும்” எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்கிறார்.

பால் கொடுத்தது பற்றி ஒன்று. பால் இரைப்பைக்குப் போகிறது, கேஸ் நுரையீரலுக்குப் போகிறது. வழியில் எங்கேயும் சந்திப்பதில்லை. வெல்லம், வாழைப்பழம் எல்லாமும் அப்படியே. அவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். அன்றைக்கு வேண்டியிருந்தது ஆக்சிஜனும், கண்ணைக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுவதும், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கண்காணிப்பும்.

சிகரெட்டை விடச் சொல்லுங்கள், அதில் பேச்சே இல்லை. ஆனால் நாலைந்து சிகரெட் பிடிக்கும் 27 வயதுக்காரனுக்கு, குறிப்பிட்ட ஒரு ராத்திரியிலிருந்து நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சிகரெட்டை அல்ல.

இப்போதே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய், எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும், மருந்துக்கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று ஊது, அதில் பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். எழுந்ததும், வேலைக்குப் போகும் முன், வேலை முடிந்ததும், படுக்கும் முன். நாலு வாரம். அதில் கட்டாயம் லீவு நாள்களும் இருக்க வேண்டும். எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு, எப்போது இன்ஹேலர் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பிறகு அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

---

பத்தர் வீடு · செவ்வாய், மாலை 4:02

டாக்டர் சார், நைட்ரஜன் டை ஆக்சைடு என்றதும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் தங்கப் பட்டறை. பழைய நகையில் செம்பைப் பிரிக்க நைட்ரிக் ஆசிட்டில் போட்டால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு புகை வரும். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு அதைச் செய்வார். ஒரு நாள் சாயங்காலம் “லேசா தொண்டை கரகரன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு வாயில் நுரை தள்ளியது. பிழைத்துக்கொண்டார். டாக்டர்களுக்கு முதலில் ஹார்ட் என்று தோன்றியது. ஆசிட் புகை என்று சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது தினமும் நடப்பது.

---

துடைப்பக்கட்டை · செவ்வாய், இரவு 9:15

நான் சென்னையில் ஒரு ஐடி வளாகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எங்களைத் தொழிலாளர் என்றே யாரும் நினைப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் அக்காக்கள் செய்கிற முதல் காரியம் கலப்பதுதான். டாய்லெட்டில் மஞ்சள் கறை போகவில்லை என்றால் ஆசிட் ஊற்றுவார்கள். போகவில்லையா, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்கள். “ரெண்டும் சேர்ந்தா வெள்ளையா வரும்” என்பார்கள். ரெண்டும் சேர்ந்தால் வருவது குளோரின். நாலுக்கு நாலு அறை, ஒரு சின்ன எக்ஸாஸ்ட், கதவில் ‘சுத்தம் செய்யப்படுகிறது’ என்று போர்டு மாட்டிச் சாத்தியிருக்கும். குளோரின் காற்றை விட இரண்டரை மடங்கு கனம். குனிந்து தேய்ப்பவள் முகத்துக்கு நேராகத்தான் அது நிற்கும்.

என்னிடம் வேலை செய்த ஒரு அக்கா அப்படி விழுந்தாங்க. அதற்கப்புறம் ஆசிட் ஒரு ஷிஃப்ட், பிளீச்சிங் ஒரு ஷிஃப்ட் என்று சாவியைப் பிரித்து வைத்துவிட்டேன். மேலே இருப்பவர்களுக்கு நான் வேலையை இழுத்தடிப்பதாக வருத்தம்.

2018-ல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 6,235 பேரை 20 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். துப்புரவு வேலை செய்த பெண்களின் மூச்சுத் திறன் குறைந்த அளவு, தினமும் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டை அதே 20 வருடம் பிடித்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு என்று எழுதியிருந்தார்கள். அதை அச்செடுத்து எங்கள் ஸ்டோர் ரூமில் ஒட்டினேன். மறுநாள் கிழித்துவிட்டார்கள். மறுபடியும் ஒட்டியிருக்கிறேன்.

---

சாயத்தண்ணி · புதன், காலை 8:30

திருப்பூர். சாயப்பட்டறையில் இருந்தேன். எங்களுக்கு நெடி என்றால் ஹைட்ரோஸ், சாயத்துக்குப் போடுகிற ஒரு ரசாயனப் பொடி. டின்னைத் திறந்து வைத்துவிட்டு ஈரக் கையை உள்ளே விடுவோம். ஈரம் பட்டால் அது சிதைந்து கந்தக டை ஆக்சைடாகக் கிளம்பும். தீப்பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். எடை போடும் பையனுக்கு எப்போதும் மூக்கில் ரத்தம் கட்டியிருக்கும். ‘ஹைட்ரோஸ் மூக்கு’ என்று பட்டப்பெயரே வைத்திருந்தோம். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

மாஸ்க் கொடுப்பார்கள், துணி மாஸ்க். கொரோனாவுக்கு அப்புறம் என்95. இரண்டும் தூசிக்குத்தான், கேஸுக்கு இல்லை என்பது ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

---

பச்சைத் தொப்பி · புதன், காலை 10:48

சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன், அந்த மாஸ்க் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கேஸுக்கு கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். அமோனியாவுக்குப் பச்சைப் பட்டை போட்டது. குளோரினுக்கு வாங்கியது அமோனியாவுக்கு ஆகாது. காலாவதித் தேதி உண்டு, உறையைப் பிரித்துவிட்டால் ஆயுள் அதைவிடக் குறைவு. ஒரு பிளான்ட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், தேதி போய் நாலு வருடம், சாவி முதலாளி வீட்டில்.

அப்புறம், அந்த மாஸ்க்கும் வெளியே ஓடத்தான், உள்ளே ஓட அல்ல. 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) தாண்டினால் அமோனியா உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. ஆயில் லைனில் மூட்டம் கட்டினால் அதெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். அங்கே முதுகில் காற்று சிலிண்டர் மாட்டியவர்தான் போகலாம், அதுவும் தனியாக இல்லை. தம்பி துண்டோடு போனது தைரியம்தான், ஆனால் அவரைப் போகவிட்டிருக்கவே கூடாது. வால்வை மூடுவதற்கு வெளியே நின்று திருகக்கூடிய கைப்பிடி இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று நெடுநாளாக என் மனதில் இருக்கிறது. பழைய 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் அமோனியாவுக்கு எட்டு மணி நேர அளவு 25 பிபிஎம், அதாவது ஒரு கன மீட்டரில் 18 மில்லிகிராம். கால் மணி நேரத்துக்கு 35. வெளியே ஊருக்கான காற்றுத் தரத்தில் அதே அமோனியாவுக்கு 24 மணி நேர அளவு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் இல்லையா? ஆலை வாசல் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது 2,090 மைக்ரோகிராம். தரத்தைப் போல ஐந்து மடங்கு என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அது 2 மில்லிகிராம்தான் ஐயா. கேட்டுக்கு உள்ளே வேலை செய்பவனுக்கு அதைப் போல எட்டு மடங்குக்கும் மேலே அந்தச் சட்டப்படியே சரி.

---

வேப்பங்காய் · புதன், காலை 11:20

இதைப் படித்துவிட்டு டீ ஆறிப்போய்விட்டது.

---

மூச்சுக்குழல் · புதன், மதியம் 1:40

பச்சைத் தொப்பி சார், ஒப்பீடு பார்க்க பலமாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள். ஊருக்கான அளவு கைக்குழந்தை, கிழவி, ஆஸ்துமாக்காரர் எல்லாரும் ராப்பகலாக மூச்சு விடுவதற்கு. வேலைத்தல அளவு வளர்ந்த, ஆரோக்கியமான ஆளுக்கு, எட்டு மணி நேரத்துக்கு. எண்ணூரில் அளவெடுக்க ஆள் வருவதற்குள் காற்று கலைந்திருக்கும். ராத்திரி ஜனங்கள் இழுத்தது அந்த 2,090 அல்ல, அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்த ‘ஆரோக்கியமான ஆள்’ ஒரு தடவை சுட்டுக்கொண்ட பிறகு ஆரோக்கியமான ஆள் இல்லை. 25 பிபிஎம் அவருக்காகப் போட்ட எண் அல்ல. இந்தத் தம்பியைத் திரும்ப அதே கம்ப்ரசர் ரூமில் நிறுத்தினால் மீட்டர் 15 காட்டினாலும் அவர் நெஞ்சு கட்டும்.

---

மில்லுக்காரன் · புதன், மாலை 5:30

வேப்பங்காய் தம்பி கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் செட்டில் பதினோரு பேர். ரிட்டையர் ஆகும்வரை நின்றது நான், இன்னும் ஒருத்தர். மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று அப்போது கேட்டதில்லை. ஒருவர் மட்டும் “நெஞ்சு கட்டுது” என்று சொல்லிப் போனது ஞாபகம் இருக்கிறது.

---

செங்கொடிக்காரன் · புதன், இரவு 10:05

சங்க வேலையில் இருபது வருடம் இருப்பவன். சட்டம் பேசுகிறேன், பொறுமையாகப் படியுங்கள் தங்கச்சி.

முதலில் ஆளை எண்ணுங்கள். மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்பது பழைய 1948 சட்டம். 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது 20 ஆகிவிட்டது. ஈஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொதுவாக 10 பேர். அண்ணாச்சி கணக்கில் எட்டு ஒன்பது பேர்தான் இருப்பார்கள். ஐஸ் பார் இழுப்பவர், உடைப்பவர், வண்டியில் ஏற்றுபவர் எல்லாம் ‘மேஸ்திரி ஆள்’ என்று வெளியே நிற்பார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இதை ‘தொழில் நோய்’ என்று கேட்டு அலையாதீர்கள். இழப்பீட்டுப் பட்டியலில் தொழில்வழி ஆஸ்துமா இருக்கிறது, ஆனால் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருளால் வந்தது என்று எழுதியிருக்கிறது. அமோனியா அந்த ரகம் இல்லை, சுடுகிற ரகம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எதிர்த் தரப்பு வக்கீல் உங்களை ஐந்து வருடம் ஓட்டுவார். (பத்தர் வீட்டுத் தம்பிக்கு: நைட்ரஸ் புகை நஞ்சு பட்டியலில் தனியாகவே இருக்கிறது. சொந்தப் பட்டறை என்பதால் அப்பாவுக்கு உதவாது, கூலிக்கு நின்றவர்களுக்கு உதவும்.)

உங்கள் தம்பிக்கு நடந்தது விபத்து. இன்ன தேதி, இத்தனை மணி, இன்ன இடத்தில் கேஸ் அடித்தது. அதனால் வந்த காயம் மூச்சுக்குழாயில் இருக்கிறது, காலில் எலும்பு முறிந்த மாதிரிதான் இதுவும். ஈஎஸ்ஐயில் வெறும் நோய் விடுப்பு என்றால் சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால் 90. ஈஎஸ்ஐ இல்லை என்றால் இழப்பீட்டுக்குத் தொழிலாளர் துறையில் மனு. கால வரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

விபத்துக்குச் சாட்சி வேண்டும். அன்றைக்கு விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். கூட ஓடியவர்கள் ஒருவராவது எழுதிக் கொடுப்பார்களா? ஆஸ்பத்திரிச் சீட்டு? செல்போனில் ஏதாவது?

---

உப்புக்காற்று · ஞாயிறு, மாலை 6:44

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

கம்ப்ரசர் அண்ணா, ஆயில்தான். நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். “இவரு எங்க ரூம்ல நின்னு பார்த்த மாதிரி எழுதியிருக்காரே” என்றான். வால்வ் அடைத்து, இன்னொரு சுற்றுத் திறந்து, அடித்தது. ஸ்பிரிங் வால்வ் கிடையாது.

ஆளை எண்ணினோம். மேஸ்திரி ஆட்களோடு 14. ஈஎஸ்ஐ பிடித்தம் இல்லை.

செல்போன் என்றதும் தேடினேன். அன்றைக்கு ராத்திரி 2:40-க்குத் தம்பி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். காலையில் எழுந்து கேட்டுவிட்டு மறந்தேபோய்விட்டேன். 50 விநாடி. “அக்கா, கேஸ் அடிச்சிருச்சு, ஒண்ணுமில்ல, அம்மாட்ட சொல்லாத” என்பதைச் சொல்ல அவனுக்கு அத்தனை நேரம் ஆகியிருக்கிறது. நடுவில் எல்லாம் இருமல்தான். பின்னால் யாரோ “டேய் தண்ணி ஊத்துங்கடா” என்று கத்துவது கேட்கிறது. கத்தியவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். அவர் எழுதித் தரமாட்டார், வயிற்றுப்பாடு. அங்கிருந்து விலகிப் போன ஒரு அண்ணன் தருகிறேன் என்றிருக்கிறார்.

பீக் ஃப்ளோ வாங்கிவிட்டோம். 640 ரூபாய்.

---

செங்கொடிக்காரன் · ஞாயிறு, இரவு 8:10

அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை அப்படியே வையுங்கள். உள்பெட்டியில் என் எண் அனுப்புகிறேன்.

---

உப்புக்காற்று · ஐந்து வாரம் கழித்து, சனி, இரவு 9:30

பலர் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நோட்டு நிரம்பிவிட்டது. முதல் இரண்டு வாரம் வேலைக்குப் போனபடியே ஊதினான். வேலைக்குக் கிளம்பும் முன் 420, 430 என்று இருக்கும். முடித்து வந்தால் 340. ஒரு நாள் 310. பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் லீவு. அதில் முதல் நாலு நாள் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் மெதுவாக ஏறி 460, 470-ல் நிற்கிறது. 500 தாண்டவில்லை. இந்த உயரத்துக்கு, வயதுக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஸ்பைரோமெட்ரியும் எடுத்தாயிற்று. டாக்டர் சீட்டில் ‘அமோனியா வாயு விபத்துக்குப் பின்’ என்று தேதியோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். மனு போட்டாயிற்று. அண்ணாச்சி இரண்டு பேரை விட்டுச் சமாதானம் பேசினார், அது நடந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் இங்கே எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிகரெட் இரண்டாகக் குறைந்திருக்கிறது. முழுசாக விடவில்லை.

நேற்று பாக்கிச் சம்பளம் வாங்கத் தம்பி கம்பெனிக்குப் போனான். மூன்று வாரத்துக்கு அப்புறம் இப்போதுதான் போகிறான். ரோட்டிலிருந்து திரும்பி கேட்டுக்கு வருவதற்குள்ளேயே கண் எரிந்து தண்ணீர் கொட்டியதாம். திரும்பவும் லைன் உடைந்துவிட்டது என்று நினைத்து வெளியே நின்றே கத்தியிருக்கிறான். உள்ளே ஐஸ் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார்கள்.

“கேஸ் அடிக்குதுண்ணே, தெரியலையா?” என்று கேட்டிருக்கிறான்.

“எங்கடா?” என்றார்களாம்.